பதினோரு எலுமிச்சம்பழம்

எனக்கு முன்கோபம் அதிகம். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இருக்கவே கூடாத குணம் அது என்று என் கணவர் சொல்வார். சொல்லிவிட்டுப் பத்தடி தள்ளி நின்றுகொள்வார்.

ஏழு வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் ஒரே நேரத்தில் வாய்விட்டு எண்ணினால் காலை நேரத்து பாசாரின் சந்தை இரைச்சலே தோற்றுப்போகும். அதனால் என் வகுப்பில் பல வருடமாக ஒரு சட்டம் இருந்தது. எல்லாரும் சேர்ந்து பாட்டாக எண்ணும்போது கத்தலாம். தனியாகக் கணக்குப் போடும்போது மனசுக்குள்தான் எண்ண வேண்டும், உதடுகூட அசையக் கூடாது. கிள்ளானில் இருக்கும் எங்கள் தமிழ்ப்பள்ளியில் என் வகுப்பைக் கடந்து போகும் மற்ற ஆசிரியர்கள், "உள்ள பிள்ளைங்க இருக்காங்களா, லீவா?" என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருக்கும்.

அந்த வருடம் மூன்றாவது வரிசையில் ஒரு சிறுமி இருந்தாள். இரட்டைப் பின்னல், முன்பல் இரண்டும் இல்லை. அவள் புத்தகப்பையைத் திறந்தால் வெற்றிலை வாசம் வரும். அப்பா இரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பூசைச் சாமான் கடை வைத்திருந்தார். அம்மாவுக்கு ஷா ஆலமில் தொழிற்சாலை வேலை. பள்ளி விட்டதும் அவள் நேராகக் கடைக்குப் போய்விடுவாள்.

தமிழில் அவள் கெட்டிக்காரி. கதை சொல்லச் சொன்னால் நிறுத்த மாட்டாள். கணக்குப் பாடம் வந்தால் மட்டும் அவள் புத்தகம் முழுக்கச் சிவப்பு மைதான். ஆறு கோழிக்குஞ்சு படம் போட்டு எத்தனை என்று கேட்டால் ஐந்து என்று எழுதுவாள். மூன்றும் நான்கும் எட்டு. ஒன்பதில் நான்கு போனால் நான்கு. எண்ணச் சொன்னால் ஒன்று குறைகிறது, கூட்டச் சொன்னால் ஒன்று கூடுகிறது, கழிக்கச் சொன்னால் திரும்பவும் குறைகிறது. ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக எண்ணி இரப்பர் வளையம் போடச் சொன்னால் அவளுடைய கட்டு மட்டும் கொஞ்சம் தடித்திருக்கும். நான் கவனக்குறைவு என்று நினைத்தேன். "கண்ணு எங்க இருக்கு? குச்சியப் பாத்து எண்ணு!" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். அவள் பயந்து உதட்டை இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டு முதலிலிருந்து எண்ணுவாள். மறுபடியும் அதே விடைதான் வரும்.

வருட நடுவில், கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளைக் குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்பும் பட்டியல் தயாரானது. அந்த வகுப்பு ஒன்றும் தண்டனை இல்லை. அதை நடத்தும் ஆசிரியை என்னைவிடப் பொறுமைசாலி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு அது 'கடைசி ரூம்'. கென்டீனைத் தாண்டி வரிசையின் கோடியில் இருக்கும் அந்த அறைக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவன் முகத்தை மற்ற பிள்ளைகள் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதை எந்த ஆசிரியையாலும் தடுக்க முடியாது. போய்விட்டு வரும் பிள்ளைகளில் சிலர் அதற்குப் பிறகு கையே தூக்க மாட்டார்கள். அது தெரிந்தும் நான் அவள் பெயரை எழுதினேன்.

பெற்றோர் கையெழுத்து வேண்டும். கடையை விட்டுவிட்டு வரமுடியாது என்று அவள் அப்பா சொல்லி அனுப்பியதால், வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்து நானே படிவத்தோடு கடைக்குப் போனேன். எப்படியும் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்குப் போக அந்த வழியாகத்தான் இரயில் ஏற வேண்டும்.

அவர் தேங்காய் நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஸ்டூலை எடுத்துப் போட்டார். சிறுமி உள்ளே ஒரு கவிழ்த்துப்போட்ட பெட்டியின் மேல் உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"மண்டையில ஏறலயா டீச்சர்? நானும் படிக்கிற காலத்துல கணக்குல மக்குதான் லா. என்ன மாதிரியே வந்துருச்சு போல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அதைச் சொல்லும்போது சிரித்தார். உள்ளே வெற்றிலை அடுக்கும் சத்தம் நின்றது.

சும்மா எழுந்து போக மனம் வராமல், "பத்து எலுமிச்சம்பழம் குடுங்கண்ணே" என்றேன்.

"பாப்பா, டீச்சருக்குப் பத்துப் பழம் எண்ணிப் போடும்மா" என்றார்.

அவள் எழுந்து வந்தாள். கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, கணீரென்று சொன்னாள்:

"லாபம்."

அடுத்த பழம். "ஒண்ணு."

அடுத்தது. "ரெண்டு."

கடையில் அவள் வாயை மூடச் சொல்ல நான் யார்? அவள் பாட்டுக்குப் 'பத்து' வரைக்கும் எண்ணிப் பையை என்னிடம் நீட்டினாள்.

"நம்ம பாப்பாவுக்குக் கை தாராளம் டீச்சர்" என்று அப்பா சிரித்தார். "எப்பவும் ஒண்ணு கூடத்தான் போடும். கொசுறுன்னு நானும் விட்டுடுவேன். வாங்குறவங்களுக்கும் சந்தோஷம்."

சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்த்தார். தேங்காய்களைச் சாக்குக்குள் போட ஆரம்பித்தார். "லாபம், ரெண்டு, மூணு, நாலு..."

வியாபாரிகள் எண்ணும்போது 'ஒன்று' என்று தொடங்க மாட்டார்கள். முதல் வார்த்தை மங்கலமாக இருக்கட்டும் என்று அந்த இடத்தில் 'லாபம்' என்பார்கள், அடுத்தது இரண்டு. இது எனக்குத் தெரியாத வழக்கமா? கிள்ளான் கடைகளில் நான் கேட்டு வளர்ந்ததுதான். ஆனால் ஒரு குழந்தை கடையில் கேட்ட லாபத்தையும் பள்ளியில் பாடிய ஒன்று இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அப்பா சொல்வதால் லாபம் முதலில் வர வேண்டும். டீச்சர் சொல்வதால் அதற்குப் பிறகு ஒன்று வர வேண்டும். இருவர் சொல்லையும் அவள் தட்டவில்லை.

இரயிலில் உட்கார்ந்ததும் பையை மடியில் கொட்டினேன். பதினொன்று இருந்தது. 'மூன்றும் நான்கும் எட்டு' என்பதை அவளைப் போலவே எண்ணிப் பார்த்தேன். லாபம், ஒண்ணு, ரெண்டு, மூணு: நான்கு பழம். லாபம், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு: ஐந்து பழம். எல்லாவற்றையும் சேர்த்து லாபத்திலிருந்து எண்ணினால் எட்டு! கழித்தலையும் போட்டுப் பார்த்தேன், அதுவும் அவள் எழுதியபடியே வந்தது. எதிர் இருக்கையில் இருந்த மலாய்க்கார அம்மாள் உருண்டு ஓடிய ஒரு பழத்தை எடுத்துக்கொடுத்து, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். அவள் நோட்டில் நான் சிவப்பு மையால் அடித்த கணக்குகளில் ஒன்றுகூடக் குத்துமதிப்பாகப் போட்டது இல்லை. அரை வருடமாக ஒரே ஒழுங்கில், ஒரு தடவைகூடப் பிசகாமல் போட்டிருக்கிறாள். அவளை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்குக் காதும் மட்டு.

திங்கட்கிழமை காலை சபைகூடலுக்கு முன்பே அவளைப் பிடித்தேன். பாவம், கடைசி ரூமுக்குப் போகத் தயாராகக் குச்சிக் கட்டுகளைத் தனிப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். மைதானத்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார வைத்துக் குச்சிகளைப் பரப்பினேன்.

"லாபம்தாம்மா ஒண்ணு. அப்பா ஒண்ணுன்னு சொல்றதுக்குப் பதிலாத்தான் லாபம்னு சொல்றாரு. அதுக்கப்புறம் நேரா ரெண்டு."

அவள் யோசித்தாள். "லாபம் சாமிக்கு இல்லயா டீச்சர்? அது கணக்குல வராதுல்ல?"

"வரும்மா. சாமியும் நம்ம கணக்குலதான் இருக்காரு."

இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள். மூன்றாவது தடவை முகம் மலர்ந்துவிட்டது. அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஏம்மா, லாபம்னு எண்ணுறேன்னு டீச்சர்கிட்ட ஒரு தடவயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"நீங்கதானே மனசுக்குள்ள எண்ணச் சொன்னீங்க" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. சட்டத்தை எனக்கு ஞாபகப்படுத்தினாள், அவ்வளவுதான்.

அவளைக் கையோடு தலைமையாசிரியையிடம் அழைத்துப்போனேன். தவறு என்னுடையது, பிள்ளையை இன்னொரு தடவை சோதித்துப் பாருங்கள் என்றேன். நான் தவறை ஒத்துக்கொண்டதை அவர் அதுவரை கேட்டதில்லை, ஒரு நிமிடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பட்டியல் அன்று மதியம் போக வேண்டும். ஒரு தாளில் பத்துக் கணக்கு எழுதி அவளிடம் கொடுத்துவிட்டு, "சத்தம் போடாம செய்மா" என்றார்.

சிறுமி பென்சிலைப் பிடித்தாள். உதட்டை இறுக்கி மூடினாள். முதல் கணக்கின் மேல் பென்சில் அப்படியே நின்றது. விரல் ஒன்று மடங்கியது, நிமிர்ந்தது, மறுபடி மடங்கியது. மனசுக்குள் எண்ண ஆரம்பித்தால் பழைய வழிதான் வருகிறது என்று எனக்குப் புரிந்தது. அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"சத்தமா எண்ணட்டும் டீச்சர்" என்றேன்.

"சத்தமா? நீங்களா சொல்றீங்க?" என்றார் தலைமையாசிரியை.

"ஆமா. நான்தான் சொல்றேன். வாயத் தொறந்து எண்ணுடா கண்ணு."

எண்ணினாள். லாபம், ரெண்டு, மூணு என்று அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி எண்ணினாள். வெளியில் இருந்த அலுவலகப் பணியாளர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒன்பது கணக்கு சரி. பத்தாவதில் ஆறைத் தலைகீழாகப் போட்டு ஒன்பதாக்கி வைத்திருந்தாள். ஏழு வயதுப் பிள்ளைகள் எல்லாரும் செய்யும் சாதாரணத் தவறு. அதைப் பார்த்ததும் எனக்கு அவளைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும்போல் இருந்தது.

தலைமையாசிரியை பட்டியலில் ஒரு கோடு போட்டார். அப்பா கையெழுத்திட்ட படிவத்தை என் பக்கம் தள்ளி, "இத நீங்களே வச்சிக்கோங்க" என்றார். இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஓரத்தில் தேங்காய் நார்க் கறை.

வெளியே வந்ததும், "டீச்சர், நான் இப்ப கடைசி ரூமுக்குப் போகணுமா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நம்ம கிளாஸுக்குப் போறோம்."

எங்கள் வகுப்பு மாடியில். மற்ற வகுப்புகளில் பாடம் தொடங்கியிருந்தது, தாழ்வாரம் அமைதியாக இருந்தது. அவள் குச்சிப் பையை ஆட்டிக்கொண்டு, பொக்கை வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு படியாகச் சத்தமாக எண்ணிக்கொண்டே ஏறினாள். "லாபம், ரெண்டு, மூணு, நாலு..."

நான் வாயை மூடிக்கொண்டு, கேட்டுக்கொண்டே பின்னால் ஏறினேன்.