பழகிப்போன பாதை

ஷர்லி விராலிமலைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கும் படித்துவந்தாள். போர் விமானம் எதிரி விமானத்தைத் துரத்தும்போது, விமானி குறிபார்க்கும் திரையில் உள்ள குறிவட்டம் இலக்கின் மேல் நிற்காமல் ஆடும். விமானி பதறிப்போய்த் திருத்தத் திருத்த ஆட்டம் கூடும். அதை அடக்கும்படி கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றி, கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி.

ஓட்டுவதற்கு விமானி வேண்டுமே? கணவன் சார்லஸ் அகப்பட்டான். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையில் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துவிடுவான். பழைய மென்பொருளில் ஓட்டிய வாரங்களில் தலை சுற்றுகிறது என்று எழுந்து போனவன், புதியதில் வட்டத்தை இலக்கின் மேல் ஒட்டவைத்தாற்போல் நிறுத்தினான். வழிகாட்டி சோலையப்பனுக்கு ஏக சந்தோஷம். கருத்தரங்குக்குக் கட்டுரை தயாரானது.

அனுப்ப இருந்த வாரம், சார்லஸ் தம்பியோடு போனில் பேசிக்கொண்டே ஓட்டினான். கண் பாதி நேரம் ஜன்னலில் இருந்தது. வட்டம் நகரவே இல்லை.

"ஏங்க, பாக்காமலே எப்படிப் பிடிக்கிறீங்க?"

"இப்ப வலது பக்கம் ஏறும் பாரு, அப்புறம் சடார்னு கீழ எறங்கும். எத்தனை வாரமா இதே வழியிலதான போகுது!"

ஷர்லி ஓட்டத்தை நிறுத்தினாள். தேறியது மென்பொருளா, சார்லஸின் கையா?

"நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனா?"

"இல்லங்க. நான்தான் சோதனையைத் தப்பா வச்சிருக்கேன்."

மறுநாள் சோலையப்பனிடம் போனாள். "சார், பேப்பரை இப்ப அனுப்ப வேணாம்."

"கடைசித் தேதி போயிருமேம்மா."

"போகட்டும் சார். இலக்கு போற வழி எங்க வீட்டுக்காரருக்கு மனப்பாடம் ஆயிருச்சு. யாராச்சும் அதைக் கேட்டா என்னால பதில் சொல்ல முடியாது."

அவர் கட்டுரையை மேஜை ஓரம் ஒதுக்கிவைத்தார். "சரி, திரும்ப ஓட்டுங்க" என்றார்.

ஒவ்வொரு முறையும் இலக்கு புது வழியில் போகும்படி மாற்றினாள். எது பழைய மென்பொருள், எது புதியது என்று ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லவில்லை. கூட வேலை பார்க்கும் பொற்கொடியையும் இன்னும் சிலரையும் உட்காரவைத்தாள். "ஏ ஷர்லி, அங்கிட்டு ஓடுதுடி!" என்று பொற்கொடி கத்தியதில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப்பார்த்தார்கள்.

முடிவு வந்தது. முன்பு கண்ட முன்னேற்றத்தில் பாதிகூடத் தேறவில்லை. ஆனாலும் தேறியது நிஜம். வேகமாகத் திரும்பும்போது மட்டும் பழையதே மேலாக இருந்தது. அதையும் மறைக்காமல் கட்டுரையில் எழுதினாள். கடைசித் தேதி போய்விட்டதால் கட்டுரை அடுத்த வருஷக் கருத்தரங்குக்குத் தள்ளிப்போனது. எழுதி முடித்த அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினாள்.

புது வழிகளில் ஓட்டிப் பார்த்த சார்லஸுக்குத்தான் ரோஷம். "இப்ப எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. இன்னொரு தடவை போடு, பாப்போம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.