‘யாரும் இல்லை’ என்று நான் எழுதிய கட்டம்

மேகமலைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளிகளுக்கு விட்ட ஒரு லயன் வீட்டு வாசலில், வெந்துபோன வலது கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணிடம், “கையை இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் நீட்டும்மா” என்று சொன்னவன் நான்தான். சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரி படம் எடுப்பதற்காகச் சொன்னேன். அவள் நீட்டினாள். படம் நன்றாக வந்திருக்கும் என்று எனக்குள் ஒரு திருப்தி கூட ஏற்பட்டது. ஐந்து நிமிடம் கழித்து அந்தக் கை எப்படி வெந்தது என்று தெரிந்துகொண்டேன்.

நான் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். அல்லிநகரத்தில் மகன் வீட்டு மாடியில் இருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சிறிய அறக்கட்டளையின் செயலாளர் என்னைத் தேடி வந்தார். கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். மழையில் வீடு இழந்தவர்களுக்கு அரிசி, பாய், போர்வை என்று கொடுத்து வந்த அமைப்பு அது. பள்ளத்தாக்கோடு நின்றுவிடாமல் மலைத் தோட்டங்களுக்கும் மருத்துவ உதவியைக் கொண்டுபோக வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அதற்கு வெளியிலிருந்து நிதி வேண்டும்.

“சார், நாங்க கொடிக்கு மருந்தடிக்கத் தெரிஞ்ச ஆளுக. இந்த இங்கிலீஷ் பாரத்தைப் பாத்தா எங்களுக்குப் பூச்சி விழுந்த மாதிரி இருக்கு. நீங்கதான் ஒக்காந்து ஒரு வழி பண்ணணும்” என்றார்.

உட்கார்ந்தேன். ஓய்வுக்குப் பிறகு எனக்கு யாரும் தந்திராத முக்கியத்துவம் அது. காலையில் காபி குடித்துவிட்டு மாடியில் கணினியைத் திறந்தால் மதியச் சாப்பாட்டுக்கு மருமகள் மூன்று தடவை கூப்பிட வேண்டியிருக்கும். எந்த நிறுவனம் மருத்துவத்துக்குக் கொடுக்கிறது, எது பெண்களுக்கு மட்டும் கொடுக்கிறது, எது கூட்டாளி அமைப்பு இல்லாமல் திரும்பிப் பார்க்காது என்றெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதினேன். அவர்கள் விரும்பும் சொற்களையும் எழுதிவைத்தேன். ‘எவரும் எட்டாத மக்கள்’ என்பது எல்லோருக்குமே பிடித்த சொல். இன்னொரு குறிப்பும் என் கையெழுத்தில் இருக்கிறது: நிதி தருபவர்கள் தங்களுக்குள் பகுதிப் பட்டியலைப் பரிமாறிக்கொள்கிறார்கள், ஒரே இடத்தில் இரண்டு பேர் செலவு செய்யாமல் இருப்பதற்காக. அந்தக் குறிப்பின் அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

பொருத்தமான ஒரு நிறுவனம் கிடைத்தது. மலையில் யாருக்கு என்ன நோய், யாருக்கு என்ன தேவை என்ற பட்டியலை அவர்கள் கேட்டார்கள். எங்களிடம் அப்படி எதுவும் இல்லை. யாரிடம் இருக்கும் என்று விசாரித்தபோது எல்லோரும் ஒருவரைத்தான் காட்டினார்கள்.

அவர் சின்னமனூருக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் கிராமத்தில் இருந்தார். தோட்டத்து மருந்தகத்தில் முப்பது வருடம் நர்சாக இருந்து ஓய்வுபெற்றவர். மாதத்துக்கு இரண்டு முறை காலைப் பேருந்தில் மலையேறி, வீடு வீடாகப் போய், சர்க்கரை பார்த்து, புண்ணுக்குக் கட்டுப் போட்டு, கீழே அரசு ஆஸ்பத்திரியில் சீட்டைக் காட்டி வாங்கிய மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு வருவார். மாத்திரை இலவசம்தான். ஆனால் அதை வாங்க ஒருவர் கீழே இறங்கினால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் எல்லோருக்கும் சேர்த்து இவர் வாங்கினார். போக்குவரத்துக்கும் மற்ற சாமான்களுக்கும் வெளிநாட்டில் ஒரு சிறிய தேவாலயக் குழு உதவி வந்தது.

நான் போனதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு தடித்த நோட்டைக் கொண்டு வந்தார்.

“எதுக்கு சார் இதைக் கேக்குறாக?”

“மலையில நெலமை எப்படி இருக்குன்னு காட்டணும் நர்சம்மா. அப்பத்தான் வண்டி, மருந்து எல்லாத்துக்கும் வழி பொறக்கும்.”

“அப்ப நல்லா எடுங்க. அந்தப் பக்கத்துல கறையா இருக்குல்ல, அது ரத்தமில்லை, சாம்பாரு. பஸ்ஸு வளைவுல திரும்பும்போது தூக்குவாளி கவுந்துருச்சு. வெளிநாட்டுக்காரக பயந்துரப் போறாக” என்று சிரித்தார். பிறகு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, “எனக்கும் முட்டி போச்சு சார். நீங்க மட்டும் வண்டி வர வச்சிட்டீகன்னா மாதாவுக்கு என் ஒசரத்துக்கு மெழுகுவத்தி ஏத்துவேன்” என்றார்.

செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தேன். நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள். வீட்டு எண், நோய், மருந்து, எல்லாம் மணிமணியான எழுத்தில். அவர் எனக்குக் காபி கொடுத்தார்.

விண்ணப்பத்தை நிரப்பும்போது ஏழாவது கட்டத்தில் நின்றேன். ‘இந்தப் பகுதியில் ஏற்கெனவே பணியாற்றும் அமைப்புகள் அல்லது தனிநபர்கள் யார்? அவர்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தை இணைக்கவும்.’ நர்சம்மாவுக்குப் பதிவு கிடையாது, தணிக்கை அறிக்கை கிடையாது, ஒப்பந்தம் போட ஒரு முத்திரை கூடக் கிடையாது. கடைசித் தேதிக்கு ஆறு நாள்தான் இருந்தது. செயலாளருக்குப் போன் செய்தேன்.

“அது ஒத்தை ஆளுதான சார், அமைப்பா என்ன? இல்லைன்னு போட்டுருங்க. பணம் வந்த பெறகு அந்தம்மாவையே வேலைக்கு வச்சுக்கிருவோம்” என்றார்.

அவர் சொன்னார் என்பதற்காக நான் எழுதவில்லை. சொல்லாவிட்டாலும் எழுதியிருப்பேன். ‘எவரும் எட்டாத மக்கள்’ என்ற சொல்லை முதல் பக்கத்திலேயே போட்டிருந்தேன். அந்தச் சொல்லுக்கு நர்சம்மா இடைஞ்சலாக இருந்தார். ‘யாரும் இல்லை’ என்று எழுதினேன். நர்சம்மாவின் பட்டியலைப் பின்னிணைப்பாகச் சேர்த்தேன்.

மூன்று மாதத்தில் முதல் சுற்றில் தேர்வாகிவிட்டதாகக் கடிதம் வந்தது. செயலாளர் ஒரு கூடைத் திராட்சை கொடுத்தனுப்பினார். அதற்கு நான்கு மாதம் கழித்து, இடத்தை நேரில் பார்க்கச் சென்னையிலிருந்து அந்த நிறுவனத்தின் அதிகாரி வந்தார். முப்பது வயது இருக்கும். அதிகம் பேசாத பெண். ஜீப்பில் சின்னமனூரிலிருந்து ஏறினோம். பட்டியலில் இருந்த சில வீடுகளைப் பார்க்க வேண்டும் என்று அவரே எண்களைக் குறித்து வைத்திருந்தார். அப்படித்தான் அந்தக் கை வெந்த பெண்ணின் வீட்டுக்குப் போனோம். கொழுந்து பறிப்பவள். கணவன் இல்லை. வயதான தாயோடு இருந்தாள்.

படம் எடுத்து முடித்த பிறகு அதிகாரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எப்படிம்மா ஆச்சு?”

“வலிப்பு வந்துருச்சும்மா. அடுப்புல வெந்நி காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கை அடுப்புக்குள்ள போனதே எனக்குத் தெரியலை.”

“ரொம்ப நாளா வலிப்பு வருதா?”

“கொமரியா இருக்கையில வந்துச்சு. மாத்திரை போட்ட பெறகு ஆறு வருசமா ஒண்ணுமில்லை. இப்ப மாத்திரை இல்லை.”

“ஏன் இல்லை?”

“நர்சம்மா வரலை.”

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். “எந்த நர்ஸ் சார்? இங்கே யாருமே வர்றதில்லைன்னு எழுதியிருந்தீங்களே?”

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரி முந்திக்கொண்டாள். “யாரு சொன்னாக அப்படி? மாசம் ரெண்டு தடவை டாண்ணு வந்து நிப்பாக. நாலு மாசத்துக்கு முந்தி வந்தப்பத்தான், இனிமே ட்ரஸ்டுக்காரக வண்டியோட வருவாக, நான் வர மாட்டேன், பத்திரமா இருங்கன்னு சொல்லிட்டுப் போனாக. அந்த வண்டியைத்தான் நாங்களும் எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கோம்.” என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அந்த ட்ரஸ்டு நீங்கதானா?”

கை வெந்தவள் குறை சொல்லும் தொனியே இல்லாமல் பேசினாள். “மொத மாசம் முழுசாப் போட்டேன் சார். அப்புறம் பாதியா ஒடிச்சுப் போட்டேன். பெறகு காலு. நீங்க வர்ற வரைக்கும் இருக்குறது காணட்டும்னு.”

அதிகாரி தன் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார்.

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். “ஏதோ தகவல் கோளாறு, விசாரிக்கிறேன்” என்று அதிகாரியிடம் சொன்னேன். கீழே இறங்கும்போது ஜீப் வளைவுக்கு வளைவு குலுங்கியது. ஏழெட்டு வளைவு தாண்டிய பிறகு அவர் கேட்டார், “அந்த நோயாளிப் பட்டியலை எப்படித் தயார் பண்ணீங்க சார்?”

“வீடு வீடாகப் போய்” என்றேன். எழுபத்திரண்டு வயதில், கூச்சமில்லாமல், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு வெளியே பார்த்தார்.

மறுநாள் காலை நர்சம்மா வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“வாங்க சார். எப்ப ஆரம்பிக்கிறீக? எங்க வெளிநாட்டுக்காரக கடுதாசி போட்டாக. அந்த எடத்தை ஒரு ட்ரஸ்டு எடுத்துக்கிருச்சுன்னு பகுதிப் பட்டியல்ல பாத்தோம், அதனால இனி நாங்க வேற ஊருக்கு உதவுறோம், ஒங்களுக்கு நன்றின்னு. எனக்கு அம்புட்டு நிம்மதி. நீங்க கூப்பிட்டு விடுவீகன்னு நோட்டைக் கூட அட்டை போட்டு வச்சிருக்கேன்.”

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எந்தப் பெண் என்று சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

“எந்தக் கை?”

“வலது.”

“பறிக்கிற கை” என்றார். தோட்டத்தில் வேலை இருக்கும் வரைக்கும்தான் லயன் வீடு. அது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பிறகு, கோபமே இல்லாமல், புரியாத கணக்கைக் கேட்பதுபோலக் கேட்டார்.

“என் நோட்டை வச்சுக்கிட்டேயா சார் நான் இல்லைன்னு எழுதுனீக? அதுல ஒவ்வொரு பேருக்கு நேராவும் நான் மாத்திரை குடுத்த தேதி இருந்துச்சே. அதைப் பாத்தா அவுகளுக்குத் தெரிஞ்சிருக்குமே?”

ஏழாவது கட்டத்தை மட்டுமே என் குற்றமாக நினைத்துக்கொண்டு அவர் வாசலுக்கு வந்திருந்தேன். அவர் கேட்ட பிறகுதான் அந்த மதியம் நினைவுக்கு வந்தது. மாடியில், மின்விசிறிக்குக் கீழே, செல்போனில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, வலது ஓரத்தில் தேதிகள் இருந்த பத்தியை விரலால் நகர்த்தி நகர்த்தி வெட்டினேன். பதினொரு பக்கம். ஒரு பக்கத்தில் கோணலாக வந்துவிட்டதென்று மறுபடி எடுத்து நேராக வெட்டினேன். ‘பார்க்கத் தெளிவாக இருக்கட்டும்’ என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படி ஒரு காரியத்தைச் செய்துவிட்டு அதை மறந்தும்போக என்னால் முடிந்திருக்கிறது. மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் என்னை இன்றுவரை திடுக்கிட வைக்கிறது.

“வெட்டிட்டேன் நர்சம்மா” என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று காபி இல்லை.

வீட்டுக்கு வந்து அதிகாரிக்கு எழுதினேன். கட்டத்தில் எழுதியது பொய், பட்டியல் யாருடையது, ஓரத்தில் என்ன இருந்தது, ஜீப்பில் சொன்னதும் பொய் என்று நான்கு பத்தி. வெட்டாத பக்கங்களை இணைத்தேன். நர்சம்மாவுக்கு உதவிய தேவாலயக் குழுவுக்கும் அதையே எழுதினேன். அவர்கள் இந்த வருடத்துக்கான உதவியை வேறிடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அதிகாரியின் நிறுவனம் விண்ணப்பத்தை ரத்துசெய்தது. இனி எங்கள் அறக்கட்டளையிலிருந்து எதையும் ஏற்பதாக இல்லை என்றும் எழுதியிருந்தது.

செயலாளர் மாடிக்கு ஏறி வந்தார். உட்காரவில்லை.

“ஒங்க மனசு ஆறணும்னு எங்க ட்ரஸ்டைக் கொளுத்திட்டீகளே சார்” என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து நர்சம்மாவிடமிருந்து போன் வந்தது. “வெள்ளிக்கிழமை காலையில சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருங்க. என்னால பையைத் தூக்க முடியலை” என்றார். போனை வைத்துவிட்டார்.

போனேன். ஒரு பை மாத்திரை, ஒரு பை கட்டுத்துணி. பேருந்தில் அவர் முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்துகொண்டார். வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வாசலிலும், “யாரு இவுக?” என்று கேட்டார்கள். “பை தூக்க வந்தவரு” என்றார் நர்சம்மா.

கை வெந்த பெண் வீட்டில்தான் இருந்தாள். மழை முடியும் வரைக்கும் பொறுப்பதாகத் தோட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் கை கொழுந்து பறிக்கும் நிலைக்கு வர வேண்டும். கட்டை அவிழ்த்திருந்தாள். தோல் இளஞ்சிவப்பாக, இழுத்துக் கட்டியதுபோல இருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். எழுந்து, வெளிச்சம் விழும் இடத்துக்கு வந்து, யாரும் சொல்லாமலே வலது கையை நீட்டினாள்.

“இந்தப் பக்கமா இருந்தாப் போதுமா சார்?”

“படம் எடுக்க வரலை ஆத்தா. மாத்திரை கொண்டாந்துருக்கு” என்றார் நர்சம்மா. என் பக்கம் திரும்பாமல், “குடுங்க” என்றார்.

பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டிய கையில் வைத்தேன். விரல்கள் மடங்கவில்லை. அட்டை நழுவி வாசல் ஈரத்தில் விழுந்தது. நான் குனிந்து எடுத்து வேட்டியில் துடைத்தேன். அவள் இடது கையை நீட்டினாள்.