பிந்தி விழும் குத்து

நான் உடுப்பிட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். வழி எழுதாமல் விடையை மட்டும் எழுதுகிற பிள்ளைக்குப் புள்ளி போடமாட்டேன். விடை சரியென்றாலும் போடமாட்டேன். இதற்காகப் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டம் என் காதுக்கும் வந்திருக்கிறது. அதை இங்கே எழுதமாட்டேன். அதே ரீச்சர் சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குத் தொலைக்காட்சிக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்து, கனடாவில் இருக்கிற தன் அண்ணையை மிதி மிதியென்று மிதிக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் என் மதிப்புக் கூடுமா குறையுமா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

நான் சொல்வது சண்டை விளையாட்டு. திரையில் இரண்டு பேர் எதிரெதிராக நிற்பார்கள். ஒருவனை நீங்கள் ஆட்டுகிறீர்கள், மற்றவனை மற்றவர் ஆட்டுகிறார். முதலில் விழுகிறவன் தோற்றான். அவ்வளவுதான். இதை அம்மாவுக்குப் பதினைந்து வருடமாக விளங்கப்படுத்துகிறேன். "விளக்கு வைக்கிற நேரத்திலை என்ன கோதாரி அடிபாடு?" என்றுதான் இன்னும் கேட்கிறார்.

அண்ணைக்கும் எனக்கும் ஒன்றரை வயதுதான் வித்தியாசம். அதனால் எங்களுக்குள் மரியாதைப் பேச்செல்லாம் கிடையாது. மருதனார்மடச் சந்தைக்குப் பின்னால் அப்போது ஒரு கேம் கடை இருந்தது. ரியூசன் முடிந்ததும் அங்கே போவோம். கடைக்குள் சந்தையில் கழித்து எறிகிற அழுகின கோவா இலையின் மணம் எப்போதும் இருக்கும். நான் மட்டும்தான் பெண்பிள்ளை. அண்ணை என்னைச் சுவர்ப் பக்கமாக இருத்திவிட்டு, தான் மற்றப் பக்கம் இருப்பான். கடைக்காரர் கடையை மூடியபோது அங்கிருந்த கேம் பெட்டிகளில் ஒன்றை அண்ணை வாங்கி வந்தான். அப்போது அவன் போன் திருத்துகிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அந்தப் பெட்டி இன்றைக்கும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

என்னுடைய ஆள் ஒரு தடியன். மெல்லத்தான் நடப்பான், பாயமாட்டான். அவனைத் தேடி ஒருவரும் வரமாட்டார்கள். ஆனால் அவனிடம் ஒரு வித்தை உண்டு. முழங்காலால் ஏற்றி, அந்தக் கால் கீழே வருகிற அந்தக் கணத்தில் குத்துப் பொத்தானை அழுத்தினால், எதிராளி தடுக்க வழியில்லாமல் சுருண்டு விழுவான். கணம் என்றால் கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. முந்தி அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது, பிந்தி அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது, தடியன் மொக்கன்போல நிற்பான். அதைப் பழக எனக்கு ஒரு மாரிகாலம் முழுக்கப் போனது. பெருவிரலில் கொப்புளம் வந்து உடைந்து மீண்டும் வந்தது. முதல் தரம் சரியாக விழுந்த அன்று அண்ணை தோற்றுப்போனதையும் மறந்து எழும்பி ஆடினான்.

பிறகு அண்ணைக்குக் கனடாவில் கலியாணம் பொருந்தி, அவன் போனான். போன மூன்றாம் மாதம் அங்கேயும் இதே மாதிரி ஒரு பழைய பெட்டியைத் தேடி வாங்கினான். சனிக்கிழமை எங்களுக்குப் பின்னேரம், அவனுக்குக் காலைத் தேத்தண்ணி. இரண்டு பெட்டியையும் இன்டர்நெட்டில் இணைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இருவரும் தொடங்குவோம்.

ஆனால் இணைப்பு இழுக்கும். இங்கே நான் பொத்தானை அழுத்தினால், அது அங்கே போய் வந்து, கொஞ்சம் பொறுத்துத்தான் தடியன் கையை ஓங்குவான். முதல் இரண்டு மூன்று மாதம் என் குத்து ஒன்றுகூட விழவில்லை. எனக்கு அழுகை வந்தது, கொன்ட்ரோலரைத் தூக்கி மெத்தையில் எறிந்தேன். பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது. கால் கீழே வருவதற்கு முதலே அழுத்தவேண்டும்; எவ்வளவு முதல் என்று கை தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது. தனிய இருந்து விளையாட எனக்கு நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. மற்ற நாள்களில் கொப்பி திருத்துவேன். சனிக்கிழமை அண்ணையோடு மட்டும். இப்படி நாலு வருடம் ஓடியது.

போன வருடம் அண்ணை புதுக்கதை ஒன்று தொடங்கினான்.

"எடியே, உந்தப் பழசை விடுவம். அங்கை இஞ்சை எல்லாரும் புது கேமுக்கு மாறிட்டாங்கள். அதிலை ஒரு பொத்தானை அமத்தினா வித்தை முழுக்க வந்து விழும்."

"அப்ப பொத்தான் என்னத்துக்கு? நினைச்சா விழுற மாதிரிச் செய்யச் சொல்லன்."

"விளையாட்டு மண்டைக்குள்ளை, விரலிலை இல்லை. எப்ப அடிக்கிறது, எப்ப பொறுக்கிறது எண்டு முடிவெடுக்கிறதுதான் சண்டை."

"எடுத்த முடிவைச் செய்து காட்டுறதும் சண்டைதான். கணக்கு விளங்குது ரீச்சர் எண்டு சொல்லிப்போட்டுப் பிழையாச் செய்யிற பொடியனுக்கு நான் புள்ளி போடுறனே?"

"நீ ஆருக்குத்தான் புள்ளி போட்டனீ!"

பகிடியாகத் தொடங்கியது வாரக்கணக்கில் நீண்டது. அண்ணை ஒருநாள் இப்படிச் சொன்னான். "மருதனார்மடக் கடைக்கு ரெண்டு நாள் வந்து, ஒண்டும் விழேல்லை எண்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனவங்கள் எத்தினை பேர்? அவங்களெல்லாம் மொக்கரே? நாங்கள் கதவைப் பூட்டி வைச்சுக்கொண்டு எங்களைக் கெட்டிக்காரர் எண்டு சொல்லிக்கொண்டு இருந்தம்." எனக்கு என் வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். வந்ததால் இன்னும் கோபம் வந்தது. கத்தினேன்.

அவன் குரலை இறக்கினான். "அது கிடக்கட்டும். புதுசிலை இழுக்கிறேல்லையடி. எப்பிடியோ மறைக்கிறாங்கள். பக்கத்திலை இருந்து விளையாடுற மாதிரியே இருக்கும்."

"பக்கத்திலை இருந்து விளையாட வேணுமெண்டால் பக்கத்திலை வந்து இரு!" என்றேன்.

போன் வெட்டுப்பட்டது. அதற்குப் பிறகு இரண்டு சனிக்கிழமை கோல் வரவில்லை. நானும் எடுக்கவில்லை. ஆறு மணிக்குத் தொலைக்காட்சியைப் போடாமல் கொப்பிகளை விரித்துக்கொண்டு இருந்தேன். "இண்டைக்கு என்ன, அடிபாடு இல்லையோ?" என்று அம்மா வந்து கேட்டார். நான் அடுத்த கொப்பியை எடுத்து விரித்தேன். மூன்றாம் சனிக்கிழமை கோல் வந்தது. "ஆடி மாதம் வாறன். மூண்டு கிழமை" என்றான், வேறொன்றும் சொல்லவில்லை.

வந்தான். அண்ணிக்கு லீவு கிடைக்காததால் தனியத்தான் வந்தான். எங்கள் ஊரில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. போத்தல் தண்ணி, அலுமாரியிலிருந்து இறக்கிய நல்ல கோப்பை, இருக்கக் கதிரை, கொதிக்கக் கொதிக்கச் சாப்பாடு. கிணற்றுத் தண்ணியில் வளர்ந்தவனுக்கு அம்மா போத்தல் தண்ணி வாங்கி அடுக்கினார். அயலவர்கள் வந்து அவனை நீங்கள் என்று கதைத்தார்கள். அண்ணை சிரித்துக்கொண்டிருந்தான். ஆனால் அவனுக்கு அது பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கதிரையில் இருந்தபடி காலை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

இரண்டாம் நாள் பின்னேரம் இருவரும் பழைய பெட்டிக்கு முன்னால் இருந்தோம். அவன் என்னைச் சுவர்ப் பக்கம் இருத்தினான். நாலு வருடம் இதற்காகத்தான் காத்திருந்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. அவன் தோள் என் தோளில் முட்டியது. தொடங்கினோம். தடியன் முழங்காலை ஏற்றினான். நான் அழுத்தினேன். குத்து வரவில்லை. மறுபடி ஏற்றினேன், அழுத்தினேன், வரவில்லை. ஒரு தரம்கூட வரவில்லை. அண்ணையின் ஆள் மெல்லிய, துள்ளித் துள்ளி ஓடுகிற ஒருவன். அவனுக்கு இந்த மாதிரி நுணுக்கமான கணம் எதுவும் தேவையில்லை. அடுத்தடுத்து ஏழு முறை தோற்றேன்.

அண்ணை கொன்ட்ரோலரைக் கீழே வைத்தான்.

"விட்டுத் தாறியோ?"

"ஆரும் விட்டுத் தரேல்லை."

"அப்ப உந்தக் குத்து எங்கை?"

"கை சரியில்லை. விடு."

அவன் விடவில்லை. அடுத்த நாளும் இதே கதை, அதற்கடுத்த நாளும் இதே கதை. காங்கேசன்துறைக் கடற்கரைக்கு என்னை மோட்டார்சைக்கிளில் கூட்டிப்போனபோது, அலைக்கு முன்னால் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "உண்மையைச் சொல்லு. அம்மா போத்தல் தண்ணி தாறா. நீ வெற்றி தாறாய். நீயும் என்னை விருந்தாளி எண்டுதானே நினைக்கிறாய்?"

"உனக்கென்ன விசரே?" என்றேன். வேறென்ன சொல்வது? ஏன் விழவில்லை என்று எனக்கே தெரியாது.

அடுத்த நாள் அவன் அண்ணியின் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தான். காலையில் தனியப் பெட்டியைப் போட்டேன். தடியனை வெறும் பொம்மைக்கு முன்னால் நிறுத்தி முழங்காலை ஏற்றினேன். விழவில்லை. ஐம்பது தரம் ஏற்றியிருப்பேன். பிறகு சலித்துப்போய், வேண்டுமென்றே பிந்தி அழுத்தினேன். விழுந்தது. மறுபடி பிந்தி அழுத்தினேன். மறுபடியும் விழுந்தது.

இழுப்பு இருந்தால்தான் என் குத்து விழும்! நாலு வருடமாக என் பெருவிரல் கனடாவுக்கு அடித்துப் பழகிவிட்டது. அண்ணை பக்கத்தில் வந்து இருந்தால் அது முந்திப் போய்விடுகிறது. எனக்கு அந்த விரலின் மேல் வந்த கோபம் இருக்கிறதே! சுவரில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அம்மா குசினியில் நின்றதால் சத்தம் வராமல் அழுதேன்.

இதை அண்ணைக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவனும் அழுவான், பிறகு விமானம் ஏறுவது இன்னும் கஷ்டமாகிவிடும். அதைவிட ஒருதரம் ஒழுங்காக அடித்து விழுத்திக் காட்டுவது சுகம் என்று நினைத்தேன். அவன் போவதற்குள் கையைத் திருத்தவேண்டும். பிள்ளைகளுக்கு லீவுகாலம் என்பதால் எனக்கும் லீவு. அவன் கோயிலுக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்கும் போகிற நேரமெல்லாம் நான் பொம்மைக்கு அடித்தேன். பழைய பழக்கத்தைக் கையிலிருந்து கழற்றுவது புதிதாகப் பழகுவதைவிடப் பொல்லாத வேலை. பொறு, பொறு, இப்ப அழுத்து என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அழுத்தினேன். பின்னேரங்களில் அவனிடம் தோற்றுக்கொண்டே இருந்தேன். அவனும் பேசாமல் வென்றுகொண்டே இருந்தான்.

அவன் போவதற்கு முதல்நாள் பின்னேரம், பயணப்பெட்டி கட்டி வாசலில் நின்றது. "கடைசியா ஒண்டு" என்றான். தடியன் முழங்காலை ஏற்றினான். பொறுத்தேன். அழுத்தினேன்.

விழுந்தது. அண்ணையின் ஆள் சுருண்டான். எழும்பினான், மறுபடி ஏற்றினேன், மறுபடி விழுந்தது. மூன்று சுற்றும் என்னுடையது. அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு வீடு அதிரக் கத்திக்கொண்டு எழும்பினான். "அம்மா! இஞ்சை வாங்கோ! உங்கடை மோள் என்னை அடிச்சுக் கொண்டுபோட்டாள்!" தோற்றதற்கு இப்படிச் சந்தோசப்பட்ட ஒருவனை நான் கண்டதில்லை. குசினிக்குப் போய், போத்தலைத் தொடாமல், குடத்துத் தண்ணியை அள்ளி அள்ளிக் குடித்தான். விடிய முதலே எயார்போட்டுக்குப் போகிற வான் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது.

அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்குக் கோல் வந்தது. அவனுடைய குரல் நித்திரைக் குரலாக இருந்தது. தொடங்கினோம். தடியன் முழங்காலை ஏற்றினான். பொறுத்து அழுத்தினேன். கால் தரையில் வந்து நின்று, அதற்குப் பிறகுதான் கை ஓங்கியது. பிந்திவிட்டது. அடுத்ததும் பிந்தியது.

போனுக்குள் அண்ணை சிரித்தான். "கை வழுக்குதோ? பறவாயில்லை. இன்னும் ரெண்டு கிழமை விளையாடினா திரும்பப் பழகிடும்."

ஓம், பழகிவிடும். அது எனக்கு நன்றாகத் தெரியும். பொத்தானை அழுத்தி அழுத்தி, அவன் இங்கே இல்லை, அவன் தூரத்தில் இருக்கிறான் என்று இந்த விரலுக்கு நான் மறுபடியும் படிப்பிக்கவேண்டும். அது கெட்டிக்கார விரல், கெதியாகப் படித்துவிடும். அடுத்த ஆடியிலோ அதற்கடுத்த ஆடியிலோ அவன் வந்து பக்கத்தில் இருக்கும்போது அது மறுபடியும் முந்திப் போகும். எனக்கு அந்தப் பாடத்தை இன்னொரு தரம் படிப்பிக்க மனம் வரவில்லை. கொன்ட்ரோலரை மடியில் வைத்தேன்.

"அண்ணை, புதுசுக்கு மாறுவம்."

திரையில் அவனுடைய ஆள் துள்ளுவதை நிறுத்தினான். பிறகு கேட்டான். "ஒரு பொத்தானோ? வழி எழுதாட்டிப் புள்ளி இல்லை எண்ட ரீச்சரோ கதைக்கிறது?"

"ஓம், அவதான். கெதியா இறக்கு, கதைச்சுக்கொண்டு நிக்காதை."

"பாத்தியே! நான் அப்பவே சொன்னனான்!" என்று அவன் அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னது போனுக்குள் கேட்டது. வாதத்தில் தான் வென்றுவிட்டதாக நினைத்து வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். நினைக்கட்டும். நான் பழைய பெட்டியின் வயரைக் கழற்றிச் சுற்றிவைத்தேன். பெருவிரல் இன்னும் அவன் பக்கத்தில் இருக்கிற கணக்கிலேயே இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.