இரண்டு விரல் மணல்

அஸ்தம்பட்டியில் டாக்டரம்மா நடத்திய சின்ன ஆஸ்பத்திரியின் முன்னறையில், நோயாளிகள் உட்காரும் பெஞ்சுக்கு எதிரே, இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. ஊசிக்குப் பயந்து அலறும் பிள்ளைகள் அதில் நீந்தும் சிவப்பு மீன்களைக் கண்டதும் அழுகையைப் பாதியில் மறந்துவிடுவார்கள். அதற்காகவே மெட்ராஸிலிருந்து வாங்கி வந்திருந்தார். இப்போது என் அக்காவின் பேரன் தன் வீட்டில் பவளமும் கடல்மீனும் வளர்க்கிறான். அடியில் மணல் எவ்வளவு உயரம் போடுவது என்று அவனுக்கும் அவன் நண்பர்களுக்கும் ஓயாத வாக்குவாதம். மெல்லிசாகப் போதும் என்று ஒரு கட்சி, ஆழமாக வேண்டும் என்று இன்னொரு கட்சி. நீங்கள் சொல்லுங்கள் என்று விளையாட்டாக என்னைக் கேட்டான். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். கிழவிக்கு மீன் பிடிக்காது போல என்று நினைத்திருப்பான்.

டாக்டரம்மாவுக்கு அதில் சந்தேகமே கிடையாது. இரண்டு விரல் உயரம்தான் மணல். அதற்கு மேல் போனால் அடியில் காற்றுப் புகாது, மீன் தின்று கழித்ததெல்லாம் அங்கேயே கிடந்து அழுகி விஷமாகும் என்று, தொட்டி வைத்த அன்றே எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் அப்போது நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிது. மருந்துக் கணக்கோடு மீன் கணக்கும் என் தலையில்தான் விழுந்தது.

அந்த இரண்டு விரலைக் கெடுத்தது பக்தி. எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த ஒருத்தி, காய்ச்சலில் கிடந்த மகன் பிழைத்ததற்காக வேளாங்கண்ணி போனவள், கடற்கரை மணலில் ஒரு பிடியை முந்தானையில் முடிந்து எடுத்து வந்தாள். "மாதா கோயில் மண்ணுங்க. எம்புள்ள பாத்துப் பாத்துச் சிரிச்ச மீனுக்குப் போடுங்க" என்றாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வாங்கினார். நான் உப்புப் போக அலசிப் போட்டேன். பிறகு மண்டி வைத்திருந்த பாய் வீட்டு அம்மா நாகூரிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டு வந்தார். இன்னொருத்தி பவானி ஆற்று மணல் கொண்டு வந்தாள். பிள்ளை பிழைத்தால் டாக்டரம்மா தொட்டிக்கு மண் போடுகிறேன் என்பது ஒரு வேண்டுதலாகவே ஊரில் பரவிவிட்டது. வேளாங்கண்ணியும் நாகூரும் பவானியும் எங்கள் தொட்டியில் சண்டை சச்சரவில்லாமல் குடியிருந்தன.

மணல் ஒரு சாண் உயரத்துக்கு வந்துவிட்டது. கண்ணாடி வழியே பார்த்தால் அடிப்பக்கம் கறுத்திருந்தது. நான் முணுமுணுத்தபோதெல்லாம், "மண்ணு போடுறதா வேண்டிக்கிட்டாத்தான் இவங்க மந்திரிக்கப் போகாம நம்மகிட்ட வர்றாங்க. ஒரு பிடி மண்ணுதானே, விடு" என்பார் டாக்டரம்மா. அதில் உண்மை இருந்தது. தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டார் என்பதும் உண்மை.

அந்தச் சமயத்தில் ராசிபுரத்திலிருந்து, நெசவுக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி டைபாய்டோடு வந்து உள்ளறைக் கட்டிலில் படுத்திருந்தாள். காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்தது. ஆனால் குடல் இன்னும் புண். அசையாமல் படுத்திருக்க வேண்டும், கஞ்சித் தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்பது டாக்டரம்மாவின் கண்டிப்பு. அவளுடைய அம்மா பகலில் தொட்டியெதிரே உட்கார்ந்து, இந்த மீன்கள் நன்றாக இருந்தால் தன் மகளும் நன்றாக இருப்பாள் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அது எங்களுக்குத் தெரியாது.

ஒரு மத்தியானம் தொட்டியிலிருந்து அழுகிய முட்டை வாடை வந்தது. டாக்டரம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மீனை வேறு தண்ணீருக்கு மாற்றக்கூடப் பொறுக்காமல், கிண்ணத்தால் மணலை அள்ளத் தொடங்கினார். அடியில் அடைந்திருந்த கறுப்பெல்லாம் குபுகுபுவென்று மேலே வந்தது. அதற்குள் யாரோ பிரசவத்துக்குக் கூப்பிட, அப்படியே போட்டுவிட்டு ஓடினார். சாயங்காலத்துக்குள் மீன் அத்தனையும் வயிறு மேலே தெரிய மிதந்தன.

அந்தத் தாய் பார்த்துவிட்டாள். "மீனே தங்கலீங்களே, எம்புள்ள எங்கீங்க தங்கப் போவுது? ஊட்டுல எங்க சாமிகிட்டயாவது கொண்டு போய்ப் போடறனுங்க" என்று மகளைத் தோளில் போட்டுக்கொண்டாள். கெஞ்சினேன், கதவை மறித்தேன். என்னைத் தள்ளிக்கொண்டு போய் பஸ் ஏறிவிட்டாள். குலுங்கிய பயணமோ, வீட்டில் ஆசையாக ஊட்டிய சோறோ, குடல் ஓட்டையாகி அந்தப் பிள்ளை போய்விட்டது.

சேதி வந்த பிறகு டாக்டரம்மா சரியாகச் சாப்பிடவில்லை. காலித் தொட்டியைப் பார்த்தபடி, "என் கையாலதான் போச்சு. அது சகுனமில்லை, என் அசட்டைன்னு அந்தப் பிள்ளையோட அம்மாகிட்டப் போய்ச் சொல்லணும். கால்ல விழுந்தாவது சொல்லணும்" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். ராசிபுரம் கிளம்புவதற்குள் அந்தத் தாயே வந்து நின்றாள்.

டாக்டரம்மா வாயெடுக்குமுன் அவள் பேசினாள். "உங்க மேல ஒண்ணுமில்லீங்க. மீனு முன்னாலயே சொல்லிருச்சு, அது போற உசுருன்னு. இங்கயே வெச்சிருந்தாலும் போயிருக்குமுங்க." டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்தாள். "அப்படித்தானுங்க? நாங் கூட்டிட்டுப் போனதால இல்லீங்களே?"

உண்மையைச் சொன்னால் டாக்டரம்மாவின் பாரம் இறங்கும். அப்படியே அவள் தலையில் போய் உட்காரும். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லம்மா. உன்னால இல்ல" என்றார். "மீன்தான் சொல்லிருச்சே."