வெயிலில் தெரியாத புள்ளி

வேட்டைச் சாமான் கடைக்காரி ஜோர்னிட்சா துப்பாக்கியில் மாட்டும் மூன்று குறிக்கண்ணாடிகளை எடுத்து மேசைமேல் வைத்தபோது வெலிச்கோ முதலில் விலையைக் கேட்கவில்லை. “நட்ட நடு வெயில்ல எது தெரியும்?” என்றுதான் கேட்டார்.

ரோடோபி மலையில் முப்பத்திரண்டு வருடம் மரலாரி ஓட்டியவர். மனைவி நெதெல்கா இறந்து நான்கு வருடமாகிறது. மகள் ஸ்பெயினில். வாரத்தில் ஆறு நாள் அவர் வீட்டில் பேசுவது வானொலி மட்டும்தான். ஆனால் அக்டோபர் பிறந்துவிட்டால் சனிக்கிழமைகள் அவருடையவை. காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகும் ஊர்க்குழுவில் பதினான்கு பேர். காலையில் ஜீப் வாசலுக்கு வரும், மாலையில் கொப்பரை அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ராக்கியா சாராயம் குடித்துவிட்டு இறங்குவார்கள்.

இரண்டு குன்றுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளம்தான் குழுவில் அவர் நிற்கும் இடம். தெற்குப் பார்த்த வெள்ளைப் பாறை, மதியத்தில் கண்ணைப் பறிக்கும். போன குளிர்காலத்தில் அங்கே இரண்டு பன்றிகளைத் தவறவிட்டார். குழுத்தலைவன் கிரஸ்தான் அந்தப் பருவத்தின் கடைசி நாளன்று அவரைத் தனியே கூப்பிட்டு, “அண்ணே, துப்பாக்கியில சிவப்புப் புள்ளி காட்டுற கண்ணாடி ஒண்ணு வாங்கி மாட்டிக்குங்க. அடுத்த வருஷமும் தப்பிச்சுன்னா அந்த இடத்தை வேற ஆளுக்குத்தான் குடுக்கணும்” என்றான். இடம் போனால் நாய்களோடு காட்டுக்குள் நடந்து விரட்டுகிறவர்களோடு சேர வேண்டும். அவருடைய முழங்கால்கள் அதற்கு உதவாது. குழுவில் மூன்றாவது வேலை கிடையாது.

வசந்தத்தில் கண் மருத்துவர் சொன்னதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வலது கண்ணின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது, எந்தக் கண்ணாடியும் அதைச் சரிசெய்யாது என்றார் அந்த அம்மாள். இடது கண் சிறுவயதிலிருந்தே சரியில்லை. பலமாக எரியும் சிவப்பு வெளிச்சம் என்றால் அந்தத் தேய்மானத்தையும் துளைத்துக்கொண்டு வந்துவிடாதா என்று கோடை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார்.

“கடைக்குள்ள எல்லாமே மாணிக்கம் மாதிரி எரியும் மாமா. வெளியில வாங்க” என்று அழைத்துப்போனாள் ஜோர்னிட்சா. அவளுடைய அப்பா வெலிச்கோவோடு லாரி ஓட்டியவர். எதிரே தேவாலயத்தின் சுண்ணாம்புச் சுவர் செப்டம்பர் வெயிலில் கொதித்தது. கடையிலேயே பார்த்து வாங்கிப்போய், மேகம் மூடிய நாளில் சுட்டுப் பழகி, வெயிலடித்த நாளில் புள்ளியைத் தேடுகிறவர்கள்தான் அதிகம் என்றாள். விலை குறைந்ததில் வெளிச்சத்தை முழுசாகக் கூட்டினாலும் வெயிலில் வெளுத்துப்போகும். நடுவிலிருப்பதில் வெளிச்சம் இன்னும் இரண்டு படி ஏறும், புள்ளியும் பெரிது, நாற்பதடி தூரத்துப் பன்றிக்கு அது போதும், பென்ஷன் காசுக்கும் கட்டுப்படியாகும். மூன்றாவது பணக்காரர்களுக்கு.

ஒவ்வொன்றாகச் சுவரை நோக்கிப் பிடித்துப் பார்த்தார். மூன்றின் நடுவிலும் ஒரே சாம்பல் கறைதான் இருந்தது. ரொட்டியிலும் செய்தித்தாளிலும் மனிதர் முகங்களிலும் உட்கார்ந்திருக்கும் அதே கறை. கண்ணைச் சற்று விலக்கினால் ஓரத்தில் சிவப்பாக ஏதோ மினுங்கியது. குறிபார்த்தால் போய்விட்டது.

“பேட்டரி தீர்ந்திருக்கும்.”

அவள் புதிது போட்டாள். தானும் ஒருமுறை பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“எனக்கு நல்லாத் தெரியுதே மாமா.”

அவர் உள்ளே போய், விலை குறைந்ததைத் தொட்டுக் காட்டினார்.

“அதுதான் வெயில்ல மங்கிடும்னு சொன்னேனே.”

“அதனாலதான் கேக்குறேன்.”

அவள் அதையே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். பன்றி தப்பினால் பழி கண்ணாடிமேல் போகும். மலிவுச் சாமான் வாங்கியவனைக் கஞ்சன் என்பார்கள். கஞ்சனைக் கேலி செய்வார்கள், ஆனால் கூட்டத்தில் வைத்துக்கொள்வார்கள். கண் போனவனை அப்படி வைத்துக்கொள்ள முடியாது.

முதல் நான்கு சனிக்கிழமைகள் மூடுபனியில் போயின. பள்ளத்துப் பக்கம் எதுவும் வரவில்லை. ஐந்தாவது வாரம் வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. மதியம் நாய்களின் குரைப்பு நெருங்கியது, கற்கள் உருண்டன, பார்வையின் ஓரத்தில் கறுப்பாக இரண்டு கடந்துபோயின. வெலிச்கோ துப்பாக்கியைத் தூக்கவே இல்லை.

வெயில் சாயுமுன்பே கொப்பரையடியில் எல்லோரும் கூடியபோது, வெயிலில் புள்ளி காணாமல் போய்விட்டது என்றார். அவர் எதிர்பார்த்தபடியே சிரித்தார்கள். “பிரேக் பிடிச்சா கட்டை தேஞ்சிடுமேன்னு மலையிறக்கத்துல யோசிச்ச ஆளு இவரு. கண்ணாடிக்கா காசு போடுவாரு?” என்றான் குழுவில் ஒருவனான ருமென். வெலிச்கோவும் சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு நிஜமாகவே சிரித்தார்.

அதற்குள் கிரஸ்தான் தன் துப்பாக்கியிலிருந்த விலையுயர்ந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் கையில் வைத்தான். தன்னிடம் இன்னொன்று இருக்கிறது, இந்தப் பருவம் முடியும்வரை இதை வைத்துக்கொள்ளலாம் என்றான். “எதிர்ப்பாறையைப் பாருங்கண்ணே. புள்ளி இந்த வெயில்லயும் நிக்கும்.”

வெலிச்கோ அதைக் கண்ணருகே பிடித்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தெரியுதா?”

“தெரியுது. பளிச்சுன்னு இருக்கு.”

கிரஸ்தானின் விரல் அதன் வெளிச்சத் திருகை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். ஆனால் அந்த இடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

“அண்ணே, நான் இன்னும் அதை ஆன் பண்ணல.”

ருமென் குனிந்து தன் பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தான். எப்போதிருந்து இப்படி என்று கிரஸ்தான் கேட்கவில்லை. அவர் துப்பாக்கியைப் பார்த்து, “இதுல தோட்டா இருக்கா?” என்று மட்டும் கேட்டான்.

வெலிச்கோ துப்பாக்கியைத் திறந்து காட்டினார். காலியாக இருந்தது.

“இந்த வருஷம் ஒரு தடவைகூடப் போடலடா. உங்களோட வரணும்னுதான் வந்தேன்.”

வேறிடத்தில் விழுந்திருந்த ஒரு பன்றியைப் பதினான்கு கூறாக்கி, தேவதாருக் கிளைகள்மேல் பரப்பினார்கள். வழக்கப்படி ஒருவன் இறைச்சிக்கு முதுகைக் காட்டி நிற்க, இன்னொருவன் ஒவ்வொரு கூறாகத் தொட்டு இது யாருக்கு என்று கேட்டான். முதுகு காட்டியவன் ஆறாவதாக வெலிச்கோவின் பெயரைச் சொன்னான். நல்ல கூறுதான், விலாவும் கொழுப்புமாக.

வாசலில் இறக்கிவிட்டபோது கிரஸ்தான் ஜீப்பை அணைக்காமலே சொன்னான்.

“இனிமே நீங்க சிரமப்பட வேணாம்ணே. சனிக்கிழமை சனிக்கிழமை உங்க பங்கு வீட்டுக்கு வந்துடும்.”

“சரிப்பா” என்றார் வெலிச்கோ. அதைக் கொண்டுவருகிறவன் உள்ளே வந்து கொஞ்ச நேரம் உட்காருவானா என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை.