‘நாட்’ இல்லாத ஆறு வரிகள்

கப்பலேறி வந்த நாட்டில் வெள்ளைக்காரர்கள் போட்ட எமர்ஜென்சி காலத்தில் ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எட்டு மாதம் இருந்தேன். ரயில் பாதை, ரப்பர், மரம் அறுக்கும் ஆலை என்று எதிலும் நிலைக்காமல் மலையேறியவன் நான். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. கொழுந்து மூட்டை சுமந்து தோள் புண்ணானதும், ஆலைக்குள் தேயிலைப் பெட்டிகளில் பெயர் எழுதும் வேலைமேல் ஆசை வந்தது. ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டேன். இங்கிலீஷில் நாலு வாக்கியம் சொந்தமாக எழுதிக் காட்டினால் துரையிடம் சொல்வதாகச் சொன்னார். ‘மஸ்ட்’ என்ற சொல்லை வைத்து எழுது, தோட்டத்தில் அதிகம் புழங்குவது அதுதான் என்றார்.

புத்தகம் கிடையாது. தோட்டத்து கேட்டில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் தமிழ். அரிசி வெளியே கொண்டுபோகக் கூடாது, சீனி போட்ட தேநீர் கூடாது, மருந்து கூடாது, காட்டோரம் போகக் கூடாது, அந்நியரை லயத்து வீடுகளில் தங்கவைக்கக் கூடாது, அடையாளக் கார்டு இல்லாமல் நடமாடக் கூடாது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறும் போய்ச் சேரக் கூடாதென்று போட்ட சட்டங்கள். தமிழில் ‘கூடாது’ வரும்போதெல்லாம் இங்கிலீஷில் ‘மஸ்ட் நாட்’ நின்றது. சோதனை வரிசையில் நின்றே படித்துக்கொண்டேன்.

செய்கிற வேலைக்கு முன்னால் மஸ்ட் போட வேண்டும் என்றார் கிராணி. நான், நீ, துரை, யாராக இருந்தாலும் அது மாறாது. ‘நாட்’ இருந்தால் கூடாது. எடுத்துவிட்டால் கட்டாயம் செய்தாக வேண்டும். பலகை வரிகளில் ‘நாட்’டை எடுத்து, ‘நான்’ என்று போட்டு எழுதிப் பழகு என்றார்.

எழுதினேன். தாளை மடித்து இடுப்பில் செருகியதை, என்னோடு ஒரே அறையில் இருந்த லோரி ஆள் மட்டும் பார்த்தான்.

மறுநாள் காலை கேட்டில், எப்போதும் தண்ணீர் போத்தலை மட்டும் மோந்து பார்க்கும் காவலர் நேராக என் இடுப்பில் கைவிட்டார். ஆபீசுக்குக் கொண்டுபோனார்கள். உதவி மானேஜரான சின்ன துரை வெள்ளைக்காரர், ஆனால் தோட்டத் தமிழ் பேசுவார். தாளை இரண்டு முறை படித்தார். நான் அரிசியை வெளியே கொண்டுபோக வேண்டும். நான் காட்டோரம் போக வேண்டும். ஆறும் அந்த மாதிரி.

“யாருக்கு எழுதினது?”

“யாருக்கும் இல்ல துரை. பாடம்.”

“பாடத்துல அரிசியா?”

கிராணியைக் கூப்பிட்டார்கள். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “மஸ்ட்டுங்கிற வார்த்தையக் கொடுத்தது நான்தான் துரை. வரியெல்லாம் இவனோடது.”

அன்று தானா ராத்தாவுக்கு ஜீப் போகவிருந்தது. அதில் ஏற்றினால் விசாரணை முகாம். அங்கிருந்து நாடு கடத்தி ஊருக்குக் கப்பல். கேட்டுக்கு வந்து பலகையைப் பார்க்கும்படி துரையைக் கெஞ்சினேன். இரண்டு காவலர்களுக்கு நடுவே நடந்தேன். கொழுந்து நிறுவைக்கு வந்திருந்த பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். பலகை வரியை நான் வாசிக்க, துரை விரலைத் தாளில் நகர்த்தினார். நாலாவது வரியில் மூச்சை விட்டார். ஆறையும் முடித்துத் தாளைப் பையில் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போகச் சொன்னார்.

சாயங்காலம் அறைக்குப் போனபோது லோரி ஆள் தன் பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்தான்.

“ஆபீசுக்குப் போனவன் அன்னிக்கே திரும்புனது நீதான்ணே. யார் பேரச் சொன்னே?”

பாடம் எழுதிய கதையைச் சொன்னேன். “நல்ல பாடம்லா,” என்றான். என் இடுப்பில் தாள் இருப்பதைக் காவலருக்குச் சொன்னது யாரென்று நான் கேட்கவில்லை.

தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் நான் போனதும் பேச்சு நின்றது. கங்காணி என்னைத் தேயிலையில் வேறு யாரும் இல்லாத தனி நிரைக்கு மாற்றினார். எழுதத் தெரிந்த ஆள் ஆலைக்குள் வேண்டாம் என்று துரை சொல்லிவிட்டதாகக் கிராணி சொன்னார். துரை சொன்னாரா, கிராணி சொன்னாரா, தெரியாது.

அடுத்த வாரம் தாப்பாவுக்கு இறங்கும் காய்கறி லோரியில் இடம் கேட்டு ஏறினேன். கேட்டில் அதே காவலர் இடுப்பைத் தடவினார். ஒன்றும் இல்லை. ஏழாவதாக ஒரு வாக்கியம் சரியாக வந்திருந்தது: ஐ மஸ்ட் கோ. அதை நான் எங்கும் எழுதவில்லை.