எங்கள் ஊர்க் கோலியை நான் வெளியே இருத்திய நாள்

அமெரிக்காவில் உதைபந்தாட்டத்தில் நான் பார்க்காத வேலை இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கப்பலில் வேலைக்குப் போனவன் நான். நியூ ஜெர்சியில் இறங்கி, போர்த்துக்கீசரும் கிரேக்கரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அடிபட்டு விளையாடிய லீக்கில் ஓரத்தால் ஓடினேன். என்னைப் பிடிக்க இரண்டு பேரை விடுவார்கள். முழங்கால் போனபிறகு மைதானத்துக்குப் புல் வெட்டினேன், கோடு போட்டேன், அழுக்கு ஜேர்சி தோய்த்தேன், அணியின் பஸ்ஸை ஓட்டினேன். ஒஹாயோவில் ஒரு கல்லூரிப் பெண்கள் அணிக்குப் பயிற்சியும் கொடுத்தேன். பட்டம் வைத்திருந்தவர்கள் வாசலில் காத்திருக்க, என்னைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். கடைசியில், காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிக்கிற வேலை.

இத்தனை வேலையும் எனக்குத் தந்த பழக்கம், எவனையும் உடனே நம்புவதில்லை. பதினேழு வயது என்று சொல்லி, தாடியை மழித்துக்கொண்டு வந்த குடும்பஸ்தனைக் கண்டுபிடித்திருக்கிறேன். தம்பியின் பெயரில் விளையாட வந்த அண்ணனைச் சப்பாத்தின் அளவை வைத்தே பிடித்திருக்கிறேன். அவன் தம்பியின் சப்பாத்தைத் துடைத்தவன் நான், எனக்குத் தெரியாதா?

இப்போது மகளோடு லண்டன் கிங்ஸ்பரியில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தின் ஊர் ஒவ்வொன்றுக்கும் லண்டனில் ஒரு சங்கம் உண்டு. கோடை வந்தால் சங்கங்களுக்கிடையே உதைபந்தாட்டப் போட்டி. விளையாடுகிறவனின் தாயோ தகப்பனோ அந்த ஊராக இருக்க வேண்டும். வெளி ஆள் ஒருவனை இறக்கினால் முழு அணியையும் போட்டியில் இருந்தே தூக்கிவிடுவார்கள். எங்கள் ஊர்ச் சங்கம் இந்த வருடம் என்னைப் பயிற்றுநர் ஆக்கியது. பல வருடமாக முதல் சுற்றோடு வீட்டுக்குப் போன அணியை அரையிறுதி வரைக்கும் கொண்டுவந்தேன்.

அரையிறுதி அன்று காலையில் கோல் காக்கிற எங்கள் கோலிக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. சங்கச் செயலாளர் எங்கிருந்தோ ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணை, இவர் நல்லாப் பிடிப்பார். தாய் எங்கட ஊர்தான்."

இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்த மட்டன் ரோல்ஸைப் பார்த்தார். கூட்டிவந்த ஆளை நான் ஏற இறங்கப் பார்த்தேன்.

வந்தவருக்கு இருபத்தைந்து தாண்டியிருக்கும். நல்ல உயரம். சவுத்தாலில் ஏசி திருத்துகிற வேலையாம்.

"தம்பி, அம்மா ஊரிலை எவடம்?"

"சரியா தெரியாதுங்க ஐயா. நான் அங்க போனதே இல்ல."

"எங்கட ஊர்தான் எண்டது மட்டும் தெரியுமோ?"

"ஆமாங்க."

ஆமாங்கவா? ஓம் என்கிற எங்கள் ஊரில் யார் ஆமாங்க சொல்கிறார்கள்? பந்தை எடுத்து அடித்துப் பார்த்தேன். மேல் மூலைக்கு அடித்ததையும் பூப்பறிப்பதுபோல் பிடித்தார். என் சந்தேகம் இரண்டு மடங்காயிற்று. இவ்வளவு பிடிக்கிறவன் இத்தனை வருடம் எங்கே இருந்தான்? காசுக்கு ஆடும் ஏதோ இந்திய அணியில் இருந்து செயலாளர் இரவல் வாங்கியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அணியைத் தூக்கினால் கெடப்போவது என் பெயர்தானே. அவரை வெளியே இருத்திவிட்டு, பின்வரிசையில் விளையாடுகிற, ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவரைக் கோலுக்குள் நிறுத்தினேன்.

முதல் பாதியிலேயே இரண்டு கோல் வாங்கினோம். ஓரத்தில் நின்ற எதிர்ச் சங்கத்துக்காரர் ஒருவர், "அண்ணை, உங்கட கோலிக்குக் குனிய ஏலாதோ? கடையிலை அரிசி மூட்டை ஆர் தூக்கிறது?" என்று கத்தினார். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இடைவேளையில் சேலைக்கு மேல் குளிர் அங்கி போட்ட ஒரு பெண் நேரே என்னிடம் வந்தார்.

"என்ர பிள்ளையை ஏன் இருத்தி வைச்சிருக்கிறியள்?"

பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சுத்தான். ஆனால் ஆட்டக்காரனை இரவல் வாங்கத் தெரிந்த செயலாளருக்குத் தாயை இரவல் வாங்கத் தெரியாதா?

"அம்மா, நீங்கள் எவடம்?"

"குளத்தடி. வாசிகசாலைக்குப் பின் வளவு. செல் குண்டு விழேக்கை ஓடிப்போய் வள்ளம் ஏறினனாங்கள். இவன் இந்தியாவிலை முகாமிலை பிறந்தவன். எங்கட மாதிரிக் கதைச்சால் வெளியிலை சனம் திரும்பிப் பாக்கும் எண்டு நான்தான் இப்பிடிக் கதைக்கப் பழக்கினனான். போதுமோ?" என்றவர், இடுப்பில் கையை வைத்தார். "அதுசரி, நீங்கள் எவடம்? ஆரின்ர மகன்?"

என் பெயரையும் அப்பா பெயரையும் சொன்னேன். அவர் தலையைச் சரித்து யோசித்தார்.

"அப்பிடி ஒரு ஆளை நான் கேள்விப்படேல்லையே."

"அக்கா, அவர் அந்தக் காலத்திலையே அமெரிக்கா போனவர்" என்றார் செயலாளர்.

"அமெரிக்கா எண்டு ஆரும் சொல்லலாம்."

நின்றவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்னை ஊரில் கண்டவர்கள் ஒருவர்கூட அந்த மைதானத்தில் இல்லை. எனக்காகச் சாட்சி சொல்ல ஆள் இல்லை. அமெரிக்காவில் எவனும் என்னை இப்படிக் கேட்டதில்லை, காலில் பந்தைத் தந்து பார்த்துவிட்டு நம்பினார்கள்.

"சரி, ஊர் எண்டால் சொல்லுங்கோ பாப்பம்" என்றார் அந்த அம்மா. "மாரியிலை குளம் முட்டினால் வெள்ளம் முதல் எங்கை வரும்?"

"வாசிகசாலைக்குள்ளை" என்றேன். "பேப்பர் பாக்க வந்த ஆக்கள் இருந்த வாங்கிலையே ஏறி நிண்டு பாப்பினம். வீட்டை போகமாட்டினம்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்கட அப்பாவும் அப்பிடித்தான் நிண்டவராம்!"

அந்தச் சிரிப்பை இரவல் வாங்க எந்தச் செயலாளராலும் ஏலாது. "தம்பி, கையுறையைப் போடும்" என்றேன்.

இரண்டாம் பாதியில் எங்கள் கோலுக்குள் ஒரு பந்தும் போகவில்லை. நான் சொல்லிக்கொடுத்த மூலை உதையில் ஒன்று அடித்தோம். மற்றது வரமுதல் விசில் ஊதிவிட்டார்கள். இரண்டுக்கு ஒன்று.

"கடைக்காரரின்ர வண்டிதான் எங்களைத் தோற்கடிச்சது" என்றார் செயலாளர், தன் வயிற்றைத் தட்டிக்காட்டி. "இல்லை, நான்தான்" என்றேன். அத்தனை பேருக்கு முன்னால் அப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும், அது என்னிடம் இருக்கிறது.

மகனோடு பஸ்ஸுக்குப் போன அந்த அம்மா பாதி வழியில் திரும்பி, "அடுத்த வருசம் இவனைத் துவக்கத்திலையே விடுங்கோ" என்றார்.

அடுத்த வருடம் சங்கம் என்னைப் பயிற்றுநராக வைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். செயலாளர் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொள்கிறார். அது அடித்து நான் கேட்டதில்லை. என்னை வைக்காவிட்டால் நட்டம் அவர்களுக்குத்தான்.